அந்த வீட்டின் ஒரே ஓட்டு

டெலிபோன் அடித்தாலே எல்ஸ்பெத்துக்குப் பயம். அடிக்காவிட்டாலும் பயம். ஒரு வருஷமாக இதே கதைதான். மகள் கிர்ஸ்டிக்குப் பிறவியிலிருந்தே நுரையீரலில் சளி கட்டும் வியாதி. பதினாறு வயதுக்குள் இரண்டு பக்கமும் பாழாகிவிட்டன. யாராவது செத்து, அவருடைய நுரையீரல் இவளுக்குப் பொருந்தினால் மாற்றி வைக்கலாம் என்றார்கள். பொருந்தினால் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட நிமிஷமே கிளம்ப வேண்டும். அதற்காக வாசற்கதவை ஒட்டி ஒரு பை, மாற்றுத்துணியோடும் வீட்டுச் செருப்போடும் எப்போதும் தயாராக இருந்தது. போகவேண்டிய இடம் நியூகாசில். அந்த வேலையை ஸ்காட்லாந்தில் செய்வதில்லை. ட்வீட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இங்கிலாந்துக்குள் போக வேண்டும்.

அந்தப் பாலம்தான் அந்த வருஷம் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. முந்நூறு வருஷமாகச் சேர்ந்தே இருந்த பிரிட்டனை விட்டு ஸ்காட்லாந்து பிரிந்து தனிநாடு ஆகலாமா என்று செப்டம்பரில் ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள். சட்டையில் 'ஆமாம்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டவர்கள் ஒரு பக்கம், 'வேண்டாம், நன்றி' என்று ஜன்னலில் ஒட்டியவர்கள் ஒரு பக்கம். கசாப்புக் கடையில் மாட்டுக்கறி நிறுக்கும் நேரத்துக்குள் ஒருத்தி சொல்வாள், பாலத்தில் தடுப்புக் கட்டை போடுவார்களாம் என்று. இன்னொருத்தி, பவுண்டு நோட்டு செல்லாதாம் என்பாள். யாருக்கு என்ன தெரியும்? ஆனால் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எல்ஸ்பெத்துக்குக் கண்ணை மூட முடியாது. ஆம்புலன்ஸ் அந்தக் கட்டை முன்னால் நிற்கிறது; தொப்பி போட்ட ஒருவன் டார்ச் அடித்துக் காகிதம் கேட்கிறான்; பின்னால் கிர்ஸ்டி மூச்சுக்குத் திணறுகிறாள். தினமும் இதே படம்தான்.

புருஷன் டூகலோ 'ஆமாம்' கட்சி. சாதாரண 'ஆமாம்' இல்லை. ஆடு வளர்க்கிறவன், வருஷம் பூராவும் நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவன் சாலையோரத்து வயலில் கிடந்த, பிளாஸ்டிக் சுற்றிய பெரிய வைக்கோல் உருளையின் மேல் நீலப் பெயிண்டால் 'ஆமாம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தான். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் 'வேண்டாம்'. இரண்டு முறை யாரோ அதன் மேல் சாணியை அடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு முறையும் கழுவித் திரும்ப எழுதினான். அவ்வளவு பிடிவாதம்.

ஆகஸ்ட் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் சண்டைதான். ஆஸ்பத்திரி ஏற்பாடெல்லாம் அப்படியே இருக்கும், அயர்லாந்துக்காரன் இங்கிலாந்துக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லையா என்பான் அவன். அதை யார் உனக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பாள் இவள். பயம் காட்டியே நம்மை இத்தனை காலம் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பான். பெற்றவளுக்குப் பயத்தை எவனும் காட்ட வேண்டாம், அது தானாகவே வரும் என்பாள். ஒருநாள் தட்டு உடைந்தது. கிர்ஸ்டி மாடிப்படியில் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"என் நுரையீரலை வச்சு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்களே, அதுக்கு முதல்ல என்கிட்ட வாடகை குடுங்க," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சொன்னதும் இருமல் வந்து கால் மணி நேரம் அடங்கவில்லை.

அன்றைக்கே டூகல் வந்து சமையலறையில் எதிரே உட்கார்ந்தான். "நீ ஒண்ணு போடுவே, நான் ஒண்ணு போடுவேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுப் போயிடும். எதுக்கு இந்தப் பாடு? ரெண்டு பேருமே போக வேண்டாம். வீட்ல நிம்மதியாவது மிஞ்சட்டும்," என்றான்.

எங்கள் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டிகள் இப்படி ஒப்பந்தம் போடுவது புதிதில்லை. எல்ஸ்பெத் சரி என்றாள். டூகல் உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கையை நீட்டினான். கிடாச் சந்தையில் விலை படிந்தால் அப்படித்தான் கை அடிப்பார்கள். அடித்த பிறகு பக்கத்தில் வேறொருவன் இரட்டிப்பு விலை சொன்னாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கருமம், என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அவளும் துப்பிக் கை அடித்தாள்.

"அப்போ இந்த வீட்ல ஓட்டு எனக்கு மட்டும்தானா?" என்றாள் கிர்ஸ்டி. இந்த ஓட்டெடுப்புக்கு மட்டும் பதினாறு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்திருந்தார்கள்.

"உனக்கு மட்டும்தான் கண்ணு. பார்த்துப் போடு," என்றான் அப்பன்.

உள்ளுக்குள் எல்ஸ்பெத்துக்குப் பெரிய ஆறுதல். பிள்ளை எதற்குப் போடுவாள் என்று சொல்லவா வேண்டும்? அவள் மூச்சாயிற்றே.

ஓட்டு நாளன்று மலையெல்லாம் பனிமூட்டம். தபாலில் போட்டிருக்கலாம், கிர்ஸ்டி கேட்கவில்லை. முதல் ஓட்டை என் காலால் நடந்து போய்த்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எல்ஸ்பெத் காரை ஓட்டினாள். கடைசிக் கருத்துக்கணிப்பில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம் என்று ரேடியோ சொன்னதும் அவள் அதன் சத்தத்தைக் குறைத்தாள். எதற்குப் போடப்போகிறாய் என்று பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ரகசிய ஓட்டும்மா, என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது.

பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். வாட்டி என்ற ஆட்டுக்காரக் கிழவன் சொந்தப் பேனாவை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றான்; பென்சிலில் போட்டால் லண்டன்காரன் ரப்பர் வைத்து அழித்துவிடுவானாம். கிர்ஸ்டி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனபோது வரிசையே ஒதுங்கி வழி விட்டது. மேஜையில் உட்கார்ந்திருந்த மிஸஸ் டர்ன்புல் அவளுக்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு இன்னொன்றையும் கிழித்து நீட்டினாள்.

"இந்தா எல்ஸ்பெத், உன்னுது."

இல்லை, நான் போடவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மகளின் இருமல் சத்தம் மறைப்புக்குப் பின்னாலிருந்து கேட்டது. பாலமும் தடுப்புக் கட்டையும் டார்ச் வெளிச்சமும் கண் முன்னால் வந்துவிட்டன. சீட்டை வாங்கிக்கொண்டாள். நூலில் கட்டியிருந்த பென்சிலைப் பிடித்தாள். 'வேண்டாம்' கட்டத்தில் அழுத்திப் போட்ட கோடு காகிதத்தைக் கிழிக்காத குறை. திரும்பினால், பக்கத்து மறைப்பிலிருந்து கிர்ஸ்டி வெளியே வந்து நின்றிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் சிப்ஸ் வாங்கித் தரச் சொன்னாள், அவ்வளவுதான்.

வீட்டில் டூகல் பட்டியில் ஒரு கிடாவைக் கழுவிக்கொண்டிருந்தான். பிள்ளை போட்டாளா என்று கேட்டான். போட்டாள் என்றாள் எல்ஸ்பெத். நீ போட்டாயா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை அந்த மனுஷனுக்கு. 'ஆமாம்' கட்சிக்காரர்கள் காரோடு வந்து, ஒவ்வொரு ஓட்டும் உயிர், ஏறப்பா என்று கெஞ்சினார்களாம். கை அடித்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினானாம். அதையும் அவனே, ஈரக் கையைக் காலில் துடைத்துக்கொண்டு சொன்னான். எல்ஸ்பெத் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

காலையில் முடிவு வந்துவிட்டது. 'வேண்டாம்' ஜெயித்தது. டூகல் ரேடியோவை அணைத்தான், தேநீரைக் குடித்து முடித்தான், கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். எல்ஸ்பெத் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாடா என்று வரும் மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பாலத்தில் கட்டை இல்லை, பவுண்டு அப்படியே இருக்கிறது, பை கதவோரம் இருக்கிறது, டெலிபோன் அடிக்கவில்லை. நேற்றிருந்த பயம் இம்மியும் குறையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

தினமும் காலையில் கிர்ஸ்டியைக் குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்ட வேண்டும். தட்டினால்தான் சளி இளகும். எல்ஸ்பெத் தட்ட ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே டூகல் வைக்கோல் உருளையின் பிளாஸ்டிக்கை, நீல எழுத்தோடு, கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஆமாம்னுதான் போட்டேன்மா," என்றாள் கிர்ஸ்டி, தலையணையில் முகம் புதைந்திருக்க.

எல்ஸ்பெத்தின் கை நின்றுவிட்டது.

"உனக்குப் பயமா இல்லையாடி?"

"தினம் தினம் பயந்துக்கிட்டுதானே இருக்கேன். அந்த ரெண்டு நிமிஷமாவது, அறுபது வயசு வரைக்கும் இங்கேயே இருக்கப்போறவ மாதிரி நினைச்சுப் போட்டேன். நல்லா இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெளியே வந்து பார்த்தா நீ நிக்கிற. உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது, நீ என்னத்துக்குப் போட்டேன்னு."

அப்போதுதான் எல்ஸ்பெத்துக்குக் கணக்கு உறைத்தது. டூகல் ஓட்டு வீட்டிலேயே கிடந்தது. அவள் ஓட்டு தின்றது பிள்ளையின் ஓட்டை. மகள் முதல் முதலாக, நடந்து போய், சிலிண்டரை இழுத்துக்கொண்டு போட்ட ஓட்டை. இது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் ஓட்டு என்று இரண்டு கட்சிக்காரர்களும் மாதக்கணக்கில் கத்தியது அவள் காதில் கேட்டது. இன்னொரு தலைமுறை என்றால் எத்தனை வருஷம்? அந்தக் கணக்கை அவள் ஒருநாளும் போடத் துணிந்ததில்லை.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்," என்றாள் கிர்ஸ்டி. பிறகு, "அடுத்த தடவை ஓட்டு வரும்போது நீ கார்லயே உட்கார்ந்திரு. உள்ளே வராதே. சரியா?"

எல்ஸ்பெத் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் மகளின் முதுகில் இருந்தன.

"தட்டும்மா, ஏன் நிறுத்திட்ட?"

"சரிடி," என்றாள் எல்ஸ்பெத், மறுபடி தட்டிக்கொண்டே. "அடுத்த தடவை நான் கார்லயே இருக்கேன்."