தட்டினால் அழுத்து

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலைக்குள் தவறு முழுவதும் என்னுடையதுதான் என்று நானே முடிவு கட்டிவிடுவேன்.

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. திரையில் படங்களைக் காட்டி, ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கிப் பேசப் பழக்கும் வகுப்பு. நடத்துபவர் குரு சார். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு தலைப்பு எடுத்து, கடைசி நாளில் சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் முன் ஆளுக்குப் பாதி பேச வேண்டும். பேசுபவருக்குத்தான் மதிப்பெண். தேறியவர்களின் பெயரைத்தான் கல்லூரி வேலை நேர்முகத்துக்கு அனுப்பும். எனக்கு அந்த நேர்முகம் வேண்டும்.

என் ஜோடி முத்துக்குமார். பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டில் தறி இருக்கிறது. தலைப்பு என்னுடையது: கல்லூரி நிறுத்தத்தில் மாலைப் பேருந்து ஏன் நிற்காமல் போகிறது? ஓரிக்கைக்குப் போகிற நான் தினமும் அதன் முதுகைப் பார்க்கிறவள். நிறுத்தத்தில் நின்று படம் எடுத்தது, காத்திருந்த பெண்களிடம் கேட்டது, ஆங்கிலத்தில் எழுதியது எல்லாம் நான். படங்களை அழகாக அடுக்கியது அவன்.

போன வெள்ளிக்கிழமை குரு சார் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முத்துக்குமாரே முழுசும் பேசட்டும். பட்டு பார்டர் வேட்டி கட்டிக்கினு வாப்பா."

"சார், பாதி நான் பேசணும்."

"உன் இங்கிலீஷு தப்பில்லமா. ஆனா மெட்ராஸ்லருந்து வர்றவங்க காஞ்சிபுரம்னா இன்னா எதிர்பார்ப்பாங்க? தறிக்காரர் வூட்டுப் புள்ள வந்து நின்னாலே பாதி மார்க்கு. ஆடியன்ஸ் சைக்காலஜி."

"தலைப்பு பஸ்ஸுங்க சார். பொடவ இல்ல."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "இந்த வாய்க்குத்தான் சொல்றேன். நீ லேப்டாப்புல உக்காரு."

படம் மாற்ற 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்றார். முத்துக்குமார் ஒரு வழி சொன்னான். "எங்கூட்டுத் தறியில பொடவைக்குக் கரை கோத்து நெய்யும்போது அப்பா காலால ஒரு தட்டு தட்டுவாரு சார். பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கிற அம்மா கரை நூலு ஓடுற நாடாவ உள்ள விடுவாங்க. பேச்சே கெடையாது. அத்த மாதிரி நான் தட்டுறேன், இவ மாத்தட்டும்."

சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் கேட்டேன்: "தெரியாம தட்டிட்டான்னா?"

"நீ யோசிக்காதமா. தட்டினா அழுத்து. யோசிக்கிறது மேடையில நிக்கிறவன் வேல."

அன்று நிறுத்தத்தில் முத்துக்குமாரிடம் கேட்டேன்: "வேணாம் சார்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நான் இன்னா பண்ணட்டும்? சார் சொல்றாரு."

எனக்குச் சாரைவிட அவன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. பிறகு, ஒருவேளை என் குரல் நிஜமாகவே சரியில்லையோ என்றும் தோன்றியது. வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

இன்று அரங்கு நிறைந்திருந்தது. தேர்வாளர் மங்கையர்க்கரசி மேடம் முன்வரிசையில். முத்துக்குமார் பட்டுக்கரை வேட்டியில் மேடைக்கு வந்தான். ஒலிவாங்கியைப் பிடித்தான். "குட் ஈவினிங்" என்றான். அத்தோடு நின்றுவிட்டான்.

அவன் வலது கால் ஆரம்பித்தது.

மரப்பலகை மேடை. ஒவ்வொரு தட்டும் எனக்குக் கேட்டது. முதல் தட்டுக்குப் படம் மாற்றினேன். இரண்டாவது தட்டுக்கும் மாற்றினேன். மூன்றாவதில் எனக்குத் தெரிந்துவிட்டது: இது சைகை இல்லை, பயம். பயந்தால் அவன் கால் தறி மிதிக்கும். தேர்வறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் அழுத்தினேன். தட்டினால் அழுத்து என்றுதானே உத்தரவு? வெறும் நிறுத்தம் போனது, காத்திருக்கும் பெண்கள் போனார்கள், பேருந்தின் முதுகு போனது, எங்கள் கோரிக்கை போனது. அவன் இரண்டாம் முறை "குட் ஈவினிங்" சொன்னபோது திரையில் 'நன்றி' வந்து நின்றது.

அரங்கமே சிரித்தது.

"பிரவீனா! இன்னா பண்ணிக்கினு இருக்க? கைய எடும்மா!" குரு சார் ஓரத்திலிருந்து கத்தினார்.

எழுந்தேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன்: "யோசிக்காதே என்று சார் சொன்னார். நான் யோசிக்கவில்லை."

சிரிப்பு நின்றது. "நான்தான் சார் தட்டினேன்," என்றான் முத்துக்குமார். அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"மேடம், விதிப்படி பாதி என்னுடையது. பேசலாமா?" என்று கேட்டேன். மேடம் தலையசைத்தார். முத்துக்குமார் மேடையை விட்டு ஏறக்குறைய ஓடிவந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் தட்ட மாட்டேன். திரும்பிப் பாத்தா மாத்து," என்றேன்.

பேசினேன். நன்றாகப் பேசினேனா என்று தெரியாது. ஓரிடத்தில் ஆங்கிலம் மறந்து ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டேன். நான் முடிக்கும்வரை யாரும் சிரிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கைதட்டல் அடங்குவதற்குள் குரு சார் ஒலிவாங்கியை வாங்கினார். "இது நம்ம ட்ரெய்னிங் மெத்தட் மேடம். கூச்சப்படுற பொண்ண மொதல்ல பின்னால உக்கார வெச்சோம். அந்தக் கோவத்துல பேச்சு தானா வரும்." அதற்கும் கைதட்டினார்கள்!

வெளியே வந்ததும் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "குரு சார்தான் எனக்குக் குரல் குடுத்தாருன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லுமா. காலேஜ் பேஜ்ல போடணும்."

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்? நன்றி வேணாமா?"

"குரல் எங்கிட்டதான் சார் இருந்துது. மூடிக்கினு உக்காருன்னது நீங்க."

செல்போனை இறக்கினார். "மேடம் போட்ட மார்க்கு என் கையெழுத்து இல்லாம ஆபீஸுக்குப் போவாதுமா. தெரியுமில்ல?"

"தெரியும் சார்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் முத்துக்குமார் அவரிடம் ஏதோ உரக்கச் சொல்வது கேட்டது. "பாதி அவளுது சார், நான் எழுதியே தரேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது. இந்த வார்த்தை வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டும்.

பேசியது சரியா, அழுத்தியது சரியா, பெயர் நேர்முகத்துக்குப் போகுமா என்று எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சொல்லாததில் இல்லை.

நிறுத்தத்தில் முத்துக்குமார் வந்து சேர்ந்துகொண்டான். பேருந்து வந்தது. "இரு, இன்னிக்கி நான் நிறுத்துறேன் பாரு," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலைக்கே இறங்கிக் கையை நீட்டினான்.

பட்டுக்கரை வேட்டிக்கும் அது நிற்கவில்லை.