ஒரே போனில் இரண்டு சிம்

இணையப் பாதுகாப்பைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: என் அண்ணன், மற்றும் இனிமேல் ஏமாறப்போகிறவர்கள். இதை அண்ணனே சொல்லியிருக்கிறான். அக்கா தன் மெயிலுக்கு மாற்று எண்ணாக அம்மாவின் நம்பரைக் கொடுத்தபோது, "இன்னும் அம்மா இடுப்பை விட்டு எறங்கலியா நீ?" என்று சிரித்தான்.

நேற்று பேருந்தில் அவன் போன் திருடு போனது. இன்றைய வேலை நேர்காணலுக்கான இணைப்போ மெயிலில் இருந்தது. வீட்டுக் கணினியில் கடவுச்சொல்லைப் போட்டான். சரிபார்க்கும் எண் தொலைந்த போனுக்குப் போயிற்று. சரி, மாற்று எண்ணுக்கு அனுப்பலாமென்றால், அது அதே போனில் இருந்த இரண்டாவது சிம்.

"திருடன் ரெண்டு தடவை அலைய வேண்டாம்னு ஒரே போன்ல வெச்சியாண்ணா?" என்றாள் அக்கா.

அண்ணன் கடைக்குப் போய், பழைய சிம்மை முடக்கி, அதே நம்பரில் புது சிம் வாங்கி வந்தான். போடத்தான் போன் இல்லை. அம்மா தன் பட்டன் போனை நீட்டினாள்.

"இதுல ஒரு சிம் எடம் சும்மாதான் கெடக்கு. போட்டுக்கோ."

சரிபார்க்கும் எண் வந்தது. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். மெயில் திறந்தது. இணைப்பு பத்திரமாக இருந்தது. அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாற்று எண்ணைப் புதுப்பிக்கவா என்று திரை கேட்டது. அண்ணன் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எதையோ தட்டினான். பட்டன் போன் மறுபடியும் ஒலித்தது.

"டேய், இந்த தடவை என் நம்பருக்கே வந்திருக்கு! படிக்கட்டுமா?"

"படிம்மா," என்றான் அண்ணன். "கொஞ்சம் மெதுவா."