சரசம்மாவின் வித்தவுட்

கடை திறந்ததும் ஷிஜா ஒரு சார்ட்டைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். முதலாளியின் மகள். எம்.பி.ஏ. முடித்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவிலிருக்கும் எங்கள் ஹோட்டலை ஒழுங்குபடுத்த வந்திருக்கிறாள். ஆள் வந்து உட்காருவதிலிருந்து பில் கொடுத்துப் போவதுவரை கட்டம் கட்டமாக வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டிருந்தாள். மேலே இருப்பது கஸ்டமர் கண்ணில் படுகிற வேலை, கீழே இருப்பது படாத வேலை. எங்கே பிழை வருமோ அங்கே சிவப்புப் புள்ளி. ‘ஆர்டர் கேட்பது’ என்ற கட்டத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு பெயர் இருந்தது: ஜெபசிங் செய்வதுபோல.

நான் பத்தொன்பது வருடமாக இங்கே சப்ளையர். ஜெபசிங் வந்து முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை. ஒன்றாம் தேதி எங்கள் இருவரில் ஒருவனைத்தான் சப்ளையர்களுக்கு மேலே கேப்டனாகப் போடப்போகிறார்கள். அவன் ஒவ்வொரு மேசையிலும் குனிந்து குனிந்து கேட்கிறான். கேட்பது ஒரு வித்தையா? முகத்தைப் பார்த்ததும் கொண்டுவந்து வைக்கத் தெரிந்தவன்தான் சப்ளையர். போன வாரம் ஷிஜா நோட்டோடு வந்து, “அண்ணே, பதிவா வர்றவங்களுக்கு என்னென்ன குடுப்பீங்கன்னு சொல்லுங்க” என்றபோது, “அதெல்லாம் அப்படியே போகுது மோளே” என்று மழுப்பிவிட்டேன். சொன்னால் அதையும் அவன் பெயரில் எழுதுவாள்.

சார்ட்டின்படி மேசைகள் மாறின. என் நாலாம் நம்பர் அவனுக்குப் போயிற்று. பத்து மணிக்குப் பூக்கடை சரசம்மா அங்கேதான் உட்காருவாள். ஒன்பது வருடமாக அவளுக்குச் சர்க்கரை இல்லாத சாயா, வித்தவுட். அதை அவனிடம் நான் சொல்லவில்லை. பயல் சர்க்கரை போட்ட சாயாவைக் கொண்டுபோய் வைப்பான், அவள் முகம் சுளிப்பாள், நான் வித்தவுட்டோடு போய் நிற்பேன், ஷிஜா பார்ப்பாள். முன்கூட்டியே ஒரு கிளாஸ் போட்டு வாங்கிக்கொண்டு தூணருகே நின்றேன்.

ஜெபசிங் தண்ணீரை வைத்துவிட்டுக் குனிந்தான்.

“அம்மா, சாயா எப்படி வேணும்?”

சரசம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“நல்லா மதுரம் போட்டு ஒண்ணு எடு மக்கா.”

என்னையறியாமல் முன்னே வந்துவிட்டேன். என் கையிலிருந்த கிளாஸைக் கண்டதும் அவள் முகம் வாடியது.

“வன்னியராசு, நீ ஒண்ணும் நெனைக்கப்பிடாது, கேட்டியா. பல்லு வலிச்ச அன்னைக்கு ஒரு நாளு வித்தவுட் கேட்டேன். மறுநாளும் நீயே கொண்டாந்து வச்ச. கேக்காமலே அவ்வளவு காரியமா கொண்டாந்து வைக்கிறவன்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?”

கல்லாவிலிருந்து ஷிஜா பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய், சார்ட்டின் முன்னால் நின்று சிவப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தாள்.

நான் சமையல்கட்டில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அந்தச் சாயாவைக் குடித்தேன். இரண்டாவது மடக்கு இறங்கவில்லை. இதையா ஒன்பது வருடம் குடித்தாள்? வெளியே நாலாம் நம்பரில் ஸ்பூன் கிளாஸில் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அவசரமே இல்லாமல் கலக்கிக்கொண்டிருந்தாள்.