ஆல்டோ வரிசையில் ஒரு நியூபி

"பாட்டுல நான் நியூபிக்கா, பின்னாலயே நிக்கிறேன்" என்று சொல்லித்தான் ஜென்சி கீழ்க்கட்டளை தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தாள். அப்படிச் சொன்னவள், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவை முதல் நாளே பிசிறின்றிப் பாடினாள். குழுவை நெடுங்காலமாக நடத்திவந்த ஞானசௌந்தரிக்கு அப்போதே ஐயம் விழுந்தது. கிறிஸ்துமஸுக்குப் பின் புதிய தலைமை வேண்டும் என்று போதகர் ஜாடையாகச் சொல்லியிருந்த நேரம் அது.

"நியூபின்னா என்னப்பா?" என்று ஆர்கன் வாசிக்கும் சாலமோனிடம் கேட்டாள்.

அவன் கைப்பேசியைத் தடவினான். "கத்துக்குட்டிக்கா. இங்கிலீஷ்காரங்க ஸ்கூல்ல புதுசா சேர்ந்தவனை 'நியூ பாய்'னு கூப்புடுவாங்களாம். அதுலேர்ந்து வந்திருக்கலாம்னு போட்டுக்கீது. கரெக்டா யாருக்கும் தெரியாதாம்."

"பூர்வீகமே தெரியாத சொல். ஆளும் அப்படித்தான்."

"ஃபோன் கேம்ல இன்னும் மோசம்க்கா. நல்லா ஆடறவன் நியூபி மாதிரி வேஷம் கட்டிகினு வருவான். அசந்தா எல்லாரையும் காலி பண்ணிடுவான்."

அது போதாதா? அன்றைய ஒத்திகையிலேயே சோதித்துவிடத் தீர்மானித்தாள். மூன்றாம் சரணத்தில், தாளம் காட்டும் கையை வேண்டுமென்றே தாமதித்து வீசினாள். கற்றுக்குட்டியாக இருந்தால் பக்கத்துக் குரலைப் பற்றிக்கொண்டு ஓடுவாள். தேர்ந்தவளாக இருந்தால் கையைப் பார்த்துப் பாடுவாள்.

குழு தாமதிக்கவே இல்லை. புத்தகத்தில் முகம் புதைத்து, வழக்கமான வேகத்தில், அவள் கையை விட்டுவிட்டுப் போயிற்று. ஒரே ஒரு குரல் மட்டும் அவள் விரலோடு பின்தங்கி நின்றது. ஜென்சியின் குரல்.

பிடித்தாயிற்று. ஆனால் உயர்த்திய கையை ஞானசௌந்தரியால் இறக்க முடியவில்லை. இத்தனை காலமும் யாருக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்?

பாட்டு முடிந்ததும் ஜென்சியைத் தனியே அழைத்தாள். "எந்த ஊர்ல பாடின?"

"நாசரேத்துல குழுவையே நடத்தினேன்க்கா. ஆனா இங்க நியூபிதானே? எவ்வளவு படிச்சவனும் புது ஸ்கூல்ல புதுப் பையன்தான்."

"போதகர் ஐயர் அனுப்பினாரா?"

"ஐயருக்கு என் பேரே தெரியாது. போன வாரம்கூட சுஜின்னு கூப்பிட்டார்" என்று ஜென்சி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நம்பலாமா என்று ஞானசௌந்தரிக்கு விளங்கவில்லை. குழுவின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் புத்தகத்தை மூடுங்க. முதல் அடியிலேர்ந்து. என் கையை மட்டும் பார்க்கணும்."

"மனப்பாடமாவா? பேஜாருக்கா!" என்று சாலமோன் முனகினான்.

"இன்னிக்கு எல்லாரும் நியூபிதான். ஜென்சி, நீ முன்வரிசைக்கு வா. என் கண்ணெதிர்லயே நில்லு."