சேஷன் சார் கையெடுக்காத இரண்டரை வருஷம்

சாலைக் கடைத்தெருவில் சின்ன வெங்காயம் கிலோ தொண்ணூறுக்கு விற்ற ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, சேஷன் சாரின் உள்ளங்கைக்கு அடியில் ரப்பர் பொம்மைக்கு நாடி துடித்தது. பழவங்காடிக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் நடந்துவந்த ஆம்புலன்ஸ் பயிற்சி நிலையத்தில், நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கும் பாடத்துக்காக வாங்கிய, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத பொம்மை அது. அமுக்கினால் உதடு சிவந்தது, கையெடுத்தால் நீலமானது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் முறை பொம்மை முனகியது. அதன்பின் எடுக்கவில்லை.

எடுக்க வழி இல்லாமல் இல்லை. அவரே பலகையில் எழுதிவைத்த விதிப்படி, ஆள் பிழைத்தாலோ, டாக்டர் மரணத்தை உறுதி செய்தாலோ, அமுக்குபவர் தளர்ந்து விழுந்தாலோ, பிராக்டிகல் பாஸான இன்னொருவர் கைமாற்றிக்கொண்டாலோ நிறுத்தலாம். பொம்மை எழுந்து உட்காரவில்லை. வரவழைத்த டாக்டர், ஓ.பி. சீட்டு இல்லாதவருக்கு மரணம் எழுதித்தர முடியாது என்று சொல்லி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இருபத்தேழு வருஷ அனுபவத்துக்குக் களைப்பு கிடையாது என்று ஒவ்வொரு துவக்க விழாவிலும் சார் பேசிவந்தது உண்மையாகிவிட்டதால், தளர்ச்சியும் வரவில்லை. பாஸான ஆளோ நிலையத்திலேயே கிடையாது. பொம்மை விலை உயர்ந்தது, பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்று ஒன்பது வருஷமாக ஒருவரையும் அவர் தொடவிட்டதில்லை. எழுத்துத் தேர்வுச் சான்றிதழோடு அனுப்பிவைத்தார்.

பாறசாலைப் பக்கத்து மாணவி ஜினி மட்டும் முன்னால் வந்தாள்.

"நான் ஒரு கை நோக்கட்டா சாரே?"

"நீ பிராக்டிகல் பாஸாகலையே."

"அப்போ பாஸாக்குங்க."

"கையெழுத்துப் போடக் கை வேணுமேம்மா."

"கால்ல போடுங்க சாரே. மை நான் தேச்சு விடுதேன்."

கால் பெருவிரல் ரேகை செல்லாது என்று பிரின்சிபால் வெங்கடேஸ்வரன் பதினொரு நாள் கழித்து, மூன்று பேர் கமிட்டியின் முத்திரையோடு பதில் அனுப்பினார்.

இப்படியே இரண்டரை வருஷம் போயிற்று. நோயாளிக்குப் பெட்பான் வைக்கும் பாடம் மட்டும் அந்நாட்களில் நல்ல பிராக்டிகலாக நடந்தது. சாரின் ஊர் ஒரு ஜன்னலும் ஒரு மின்கம்பமுமாகச் சுருங்கியது. பாராட்ட வந்தவர்கள் பொன்னாடையை முதுகில் போட்டுவிட்டுப் போனார்கள், வேர்வைக்கு உதவியது. மகள் ஸ்மிதாவின் கல்யாணத்தைப் போனில் பார்த்தார். அட்சதை போடக் கையில்லாமல் தலையை ஆட்டினார். போனைப் பிடித்திருந்த ஜினி, தாலி ஏறும்போது மட்டும் அவர் அமுக்கும் எண்ணிக்கை ஒரு தரம் தப்பியது என்பாள்.

மனைவி நாகலக்ஷ்மி தினமும் கரமனையிலிருந்து பஸ் ஏறி வந்து தயிர்சாதம் ஊட்டினாள். ஒரு சனிக்கிழமை டப்பாவைத் திறக்காமலே கீழே வைத்தாள்.

"ஏன்னா, நகருங்கோ. இன்னிக்கு உங்க கையாலேயே சாப்பிடுங்கோ."

"இதைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

"ரெண்டரை வருஷமா வேற என்னத்தைப் பாத்துண்டிருக்கேன்?"

"சர்டிபிகேட் இல்லாதவா தொட்டா உயிர் போயிடும்."

"பொண்ணு கல்யாணமே போயிடுத்து. நகருங்கோ."

வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு, அவரை இடுப்பால் ஒதுக்கிவிட்டு அமுக்கினாள். உதடு நீலமாகவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் கூடவே சிவந்ததை ஜினி கவனித்தாள். சார் சுவரோரம் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அன்று முதல் மாணவர்கள் இரண்டிரண்டு நிமிஷமாகக் கைமாற்றிக்கொள்கிறார்கள். பஸ் ஓடாத ஹர்த்தால் நாட்களில் கீழே தெருவோரத் தட்டுக்கடையில் தோசை விற்கும் தங்கபாய் வந்து அமுக்குகிறாள். பொம்மை இன்றுவரை பிழைக்கவுமில்லை, சாகவுமில்லை. ஆகவே நிலையத்துக்கு விடுமுறையும் இல்லை. விண்ணப்பப் படிவத்திலேயே அதை அச்சடித்திருக்கிறார்கள், சேர வருகிறவர்களும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். முதன்முதலாகப் பிராக்டிகல் பாஸாகி அங்கேயே வேலைக்குச் சேர்ந்த ஜினிதான் கடிகாரம் பார்ப்பவள். சேஷன் சார் தினமும் வரிசையில் நின்று தன் முறைக்கு அமுக்குவார். இரண்டு நிமிஷம் ஆனதும், "விலகுங்க சாரே, பின்னால ஆள் நிக்குது" என்பாள். விலகிக்கொள்வார்.