ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் நைசாக அழித்த வரி, பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கூடவே ஒரு குறிப்பும் இருந்தது: "செய்தித்தாள் ஆதாரம் உள்ளது. ஆதாரமுள்ள தகவலை நீக்க வேண்டாம், தராசு. நீங்களுமா?"

தராசு என்பது இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர். பகலெல்லாம் பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகில் பல் வரிசை அடுக்குகிறவள், வீட்டுக்கு வந்ததும் சம்பளமில்லாத இந்த வேலையைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். அரசியல்வாதிகளின் பக்கங்களில் யார் வந்து சேற்றை வாரி இறைத்தாலும், பூவை வாரி இறைத்தாலும், இரண்டையும் துடைத்துவிட்டுப் போவாள். 'பிடிக்காதவரைப் பற்றி நியாயமாக எழுத முதலில் பழகுங்கள்' என்று புதியவர்களுக்கு அவள் எழுதியதை அங்கே பலர் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். புருஷன் மட்டும் அவளை 'நீதிபதியம்மா' என்று ஓட்டுவான்.

அழித்த வரி ஓர் அரசியல் விமரிசகரைப் பற்றியது. தினமும் இரண்டு மணி நேரம் நேரலையில் உட்கார்ந்து, நேயர்களின் அழைப்புகளை எடுத்து, ஊரையே இரண்டாகப் பிளக்கிற மாதிரி பேசுகிறவர். பாதிப் பேருக்கு அவர் சொல்வது வேதவாக்கு, மீதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். மூன்று வருடம் முன்பு பேருந்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 'மறியல் செய்பவர்கள் மேல் வண்டியை ஏற்றுங்கள்' என்று அவர் சொன்னதாக அந்த வரி சொன்னது. மறுநாள் காலையில் ஒரு வேன்காரன் அப்படித்தான் ஏற்றினான். சக்கரத்துக்கு அடியில் போனது, மறியலில் நின்ற அவள் புருஷனின் வலது கால். அன்றுவரை பேருந்து ஓட்டியவன், இப்போது பணிமனை வாசலில் உட்கார்ந்து வண்டிகள் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் எழுதுகிறான்.

போன வாரம் புதிதாக வந்த ஒருவர், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் கேட்டிருந்தார்: "முழுப் பதிவையும் கேட்டேன். அவர் இப்படிச் சொன்னது எந்த நிமிடத்தில்?" விமரிசகருக்கு ஜால்ரா தட்ட வந்த ஆள் என்றுதான் அவள் நினைத்தாள். நிமிடத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம் என்று பதிவைக் கேட்க உட்கார்ந்தாள். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த வாக்கியம் வந்தது. சொன்னது யாரோ ஒரு நேயர். விமரிசகர் கொஞ்சம் சும்மா இருந்தார். பிறகு "அடுத்த அழைப்பு" என்றார். அவ்வளவுதான்.

அப்படியானால் செய்தித்தாளில் எப்படி வந்தது? கட்டுரையில் யார், எப்போது, என்ன எழுதினார்கள் என்ற பட்டியலைப் பின்னோக்கிப் புரட்டினாள். செய்தி வருவதற்கு நான்கு மாதம் முன்பே அந்த வரி எழுத்து மாறாமல் அங்கே இருந்தது. எழுதியவர் பெயர் தராசு.

ஆஸ்பத்திரி வராந்தா, அறுவை சிகிச்சை அறையின் மூடிய கதவு, "நேத்து அந்த ஆளுதான் ஏத்தச் சொன்னானாம்" என்று சுற்றி நின்ற ஓட்டுநர்கள் பேசிக்கொண்டது, அங்கேயே நின்று அதைக் கைபேசியில் தட்டியது எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு யாரோ ஒருவர் அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று குறி போட்டிருக்கிறார். ஒரு செய்தியாளர் கலைக்களஞ்சியத்தைப் பார்த்துச் செய்தி எழுதியிருக்கிறார். இன்னொரு புண்ணியவான் அந்தச் செய்தியையே ஆதாரமாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். அவள் விட்ட கதை ஊரைச் சுற்றி, குளித்து முழுகி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவள் வாசலுக்கே வந்து நின்றது. இதே தப்புக்காக எத்தனை பேரைக் காய்ச்சி எடுத்திருக்கிறாள்! அந்த வெட்கத்தில்தான் சத்தமில்லாமல் அழிக்கப் பார்த்தாள். அது நடக்கவில்லை. இனி எல்லோர் முன்னாலும், இது என் கைச்சரக்கு என்று சொன்னால்தான் அந்த வரி போகும்.

பதினோரு வருடப் பெயர் போனால் போகட்டும். சன்னலோரம் காலை முக்காலியில் நீட்டியபடி சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவனிடம் எப்படிச் சொல்வது? வேன்காரன் பிடிபடவே இல்லை. முகம் தெரியாத ஒருவனை எத்தனை நாள் திட்ட முடியும்? வலி கூடுகிற நாட்களில் அவன் அந்த வரியைக் கைபேசியில் எடுத்துப் படிப்பான். திட்டுவதற்கு அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு முகம்தான்.

"ஏங்க, அந்த ஆளு அப்படிச் சொல்லலைங்க."

ஊசி நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேப்பர்லயே வந்துச்சே?"

"நான் எழுதினதப் பாத்துத்தான் பேப்பர்ல போட்டிருக்காங்க. நான் ஆஸ்பத்திரில யாரோ பேசினதக் கேட்டு எழுதினேன்."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "அப்போ என் கால் மேல வண்டி சும்மா ஏறிச்சா?"

"சும்மா ஏறலை. ஆனா அவரு சொன்னாருன்னு நான் எழுதினது பொய்."

"ஸ்ட்ரைக் பண்ணின எங்களத் தண்டச்சோறுன்னானே, அதுவும் பொய்யா?"

"அது நெஜம். நாப்பதாவது நிமிஷத்துல சொல்றாரு. அது அப்படியே இருக்கும்."

"நீதிபதியம்மா" என்றான். வழக்கமான கிண்டல் அதில் இல்லை. "அவனுக்காக நீ அத்தன பேர் முன்னாடி தலை குனியணுமா?"

"அவருக்காக இல்லைங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அழுதபடியே தட்டச்சு செய்தாள். 'இந்த வரியை முதலில் எழுதியது நான். அப்போது என்னிடம் ஆதாரம் இல்லை. வேனில் அடிபட்டவர் என் கணவர். செய்தித்தாள் என் வரியைத்தான் எடுத்திருக்கிறது.' அவனுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் ஊசியில் மறுபடியும் நூல் கோத்தான். அவள் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்: "பதிவுல அந்த எடத்த எனக்குப் போட்டுக் காட்டு."

நேயரின் குரலில் கோபம்கூட இல்லை. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். அதன் பிறகு சத்தமில்லை. பிறகு, "அடுத்த அழைப்பு."

"மூணு செகண்டு" என்றான் புருஷன். "மூணு செகண்டு சும்மா இருந்திருக்கான். அப்போ என்ன நெனச்சான்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

"இல்லைங்க. அத யாரால எழுத முடியும்?"

உரையாடல் பக்கத்தில் பதில்கள் வரத் தொடங்கியிருந்தன. அவள் அவற்றைத் திறக்கவில்லை. அவன் கைநீட்டி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான். மடியில் இருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது. ஒரு விரலால் பதிவைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூன்று விநாடியை மறுபடியும் கேட்டான்.