வரிசையில் நின்ற பை

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பது ஆள் இல்லை, பை. பையைப் போட்டுவிட்டு ஆள் டீக்கடைக்குப் போய்விடும். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் அதைக் காலால் தள்ளிவிடுவார். வெடிகுண்டுப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரிக்கு இது எங்கே தெரியும்? "கேட்பாரற்ற பையைத் தொடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுப் போனார். பொறுப்பு நர்ஸ் ரோஸ்லினுக்காம். என் தலையெழுத்து!

மார்கழியில் ஒருநாள் நிஜமாகவே மிரட்டல் மெயில் வந்துவிட்டது. "அவங்கவங்க பைய எடுத்துக்கினு வெளிய போங்க!" என்று கத்தினேன். கூட்டம் காலியானது. ஒரு பச்சைக் கட்டைப்பை மட்டும் மிச்சம். தொண்டை கிழியக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. கான்ஸ்டபிள் பலராமன் வாசலில் கயிறு கட்டினார்.

பிரசவ அறையில் மஞ்சுளாவுக்கு வலி உச்சத்தில் இருந்தது. அவளையும் அவள் அம்மா சின்னபொண்ணுவையும் பின்கதவு வழியாகக் கூட்டிவந்து, எதிரே இருந்த குவார்ட்டர்ஸ் வராந்தாவில் படுக்கவைத்தோம். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. சாரல் அடித்தது. குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு என் கோட்டால் மூடினேன். கோட்டும் ஈரம். பிஞ்சு உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது.

"காஞ்ச துணி குடும்மா, சீக்கிரம்!"

"பையில கீது சிஸ்டர்."

"பை எங்க?"

"சுகர் மாத்திரைக்கு லைன்ல போட்டேன். பச்சக் கட்டப்பை."

அடக் கடவுளே! நான் கத்தியபோது இவள் மூடிய கதவுக்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பலராமனிடம் ஓடினேன்.

"பாம் ஸ்குவாடு வராம யாரும் தொடக்கூடாது சிஸ்டர்."

பின்னாலேயே வந்த சின்னபொண்ணு அவரை முறைத்தாள். "நான் மடிச்சி வெச்ச துணிக்கு நானே பயப்படணுமா? நல்லா கீதே உங்க நாயம்!" கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள். பலராமன் விசில் ஊதியதுதான் மிச்சம். பையோடு வந்து, பழைய வேட்டித் துணியில் பேத்தியைச் சுற்றினாள். சற்று நேரத்தில் குழந்தை வீலென்று கத்தியது. நானும் அழுதுவிட்டேன்.

மோப்ப நாய் எல்லா இடமும் தேடியது. ஒன்றும் இல்லை என்று கயிற்றை அவிழ்த்தார்கள். முதல் ஆளாக உள்ளே ஓடிய சின்னபொண்ணு, வெறும் பையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு மகளிடம் திரும்பினாள்.

"ஏம்மா, மறுபடியுமா?" என்று கேட்டேன்.

"மாத்திரை இன்னும் வாங்கல இல்ல?"

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் அந்தப் பையைத் தொடப் பயந்தார்கள். நானே காலால் தள்ளிவிட்டேன்.